ஒரே வராந்தாவில் ரஷ்யாவும் சீனாவும்

எழுதிப் பழகாதவள் எழுதுகிறேன், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், அதுவும் வள்ளியூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. அதற்குள் மளிகைச் சீட்டையும் ரேஷன் கார்டு மனுவையும் தவிர நான் எதையும் எழுதியதில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எங்கள் மகளிர் குழுவின் ஆண்டு மலருக்கு, "எங்கயாவது போயிட்டு வந்ததை எழுதுங்க அக்கா" என்று கேட்டார்கள். மற்றவர்கள் காசியையும் துபாயையும் பற்றி எழுதுகிறார்கள். நான் போனது நெருளுக்கு. இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். இதைப் பயணம் என்று சொல்லலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் ரஞ்சனிக்குப் பதினெட்டு வயது. நெருளைத் தாண்டி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழியும் சீன மொழியும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாம். லோக்கல் டிரெயினில் போய்வருகிற தூரத்தில் இப்படிப் படிக்க வேறு இடம் கிடையாது. மொத்தம் இருபது சீட்டு. நுழைவுத் தேர்வில் ரஞ்சனிக்குப் பதினோராவது இடம். அந்தச் செவ்வாய்க்கிழமை சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நாள். சரியாக இருந்தால் சீட்டு. வேறு எங்கும் அவள் விண்ணப்பம் போடவில்லை. போடு போடு என்று சொல்லிப் பார்த்தேன். "ரெண்டும் இங்கதாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

காலை 6.45. வீட்டை விட்டுப் புறப்பட்டோம். ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. சான்றிதழ்களை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, அதைத் துணிப்பையில் வைத்து, அதை என் மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி போறியேம்மா" என்றாள் ரஞ்சனி.

"உன்னையத் தூக்கும்போதுகூட இவ்வளவு பயப்படலட்டி."

என் வீட்டுக்காரர் எம்ப்ராய்டரி மெஷின் ஆப்பரேட்டர். எங்கள் சந்தின் கடைசியில் இருக்கும் வொர்க்‌ஷாப்பில் பகலும் இரவும் மாறி மாறி வேலை. மெஷின் சீனாவில் செய்தது. அதன் திரையில் வரும் எழுத்தெல்லாம் சீன எழுத்து. மெஷின் நின்றுவிட்டால் மெக்கானிக் வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ரஞ்சனி பதினோராவது படிக்கும்போது அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். போனில் படம் பிடித்து அர்த்தம் பார்த்து, நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, பிரேம் நகர்ந்தது என்று ஒரு அட்டையில் எழுதி மெஷினில் ஒட்டிவிட்டாள். சீனம் அவளைப் பிடித்தது அங்கேதான். ரஷ்யன் பிடித்த கதை வேறு. அது பின்னால் வரும்.

7.25. சயான் ஸ்டேஷன். நெருளுக்குப் போகவர இரண்டு பேருக்கும் டிக்கெட் அறுபது ரூபாய். குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி, ஹார்பர் லைன் பிளாட்பாரத்துக்கு மாறினோம். பன்வேல் வண்டியின் பெண்கள் பெட்டியில் அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைத்தது அதிசயம். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

திலக் நகர் தாண்டி செம்பூரில் ஒரு மாமி ஏறி எங்கள் எதிரில் உட்கார்ந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிறந்தது மாட்டுங்கா என்று அவரே சொன்னார். நெருளில் கோயிலுக்குப் போகிறாராம். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார்.

"காலேஜ் அட்மிஷனா? என்ன எடுத்திருக்கா?"

ரஞ்சனிதான் சொன்னாள். "ரஷ்யனும் சைனீஸும், ஆன்ட்டி."

"ரெண்டுமா? ஏன்டீம்மா, ஒண்ணு வயித்தைக் கலக்கும்னா இன்னொண்ணு தலையைக் கலக்குமே! எங்காத்துல என் பேரன் பிரெஞ்சு எடுத்துண்டான். மூணு வருஷம் படிச்சு பேக்கரில கேக் பேர் படிக்கறான்."

பக்கத்தில் இருந்த மராத்திப் பெண்கள் புரியாமலே சிரித்தார்கள். மாமி என் பையைப் பார்த்தார். "டொமிசைல் எடுத்துண்டாச்சா? அதுதான் கழுத்தறுக்கும்."

எடுத்துவிட்டோம் என்று தலையாட்டினேன். மகாராஷ்டிராவில் பிறந்து வளர்ந்தவள் என்று காட்டும் அந்தத் தாளுக்காக நான்கு தடவை தாசில்தார் அலுவலகத்துக்கு அலைந்திருந்தோம். அந்தத் தாள் இருக்கும் தைரியத்தில்தான், விண்ணப்பத்தில் 'மாநில மாணவர்' என்ற கட்டத்தில் நாங்கள் குறியிட்டோம். இருபது சீட்டில் பதினேழு மாநில மாணவர்களுக்கு, மூன்று வெளிமாநிலத்தவருக்கு.

மான்குர்டு தாண்டியதும் வண்டி கடற்கழிப் பாலத்தில் ஏறுகிறது. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன், அந்தப் பாலத்தில் ஜன்னலோரமாக நின்றால் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத் தண்ணீர்தான். ஐந்து நிமிடம் ஊர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ரஞ்சனி வாசலுக்குப் பக்கத்தில் நின்று எதையோ முணுமுணுத்தாள். என்னட்டி என்றேன். "சைனீஸ்ல ஒரே சொல்லை நாலு விதமா இழுக்கணும்மா. பழகுதேன்" என்றாள்.

8.30. நெருள். ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு இருபது ரூபாய், பதினைந்து நிமிடம். டிரைவர் பீகார்க்காரர். எந்தத் துறை என்று ரஞ்சனியிடம் விசாரித்தார். அவள் சொன்னதும் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "ரெண்டு நாட்டுக்கும் சண்டை வந்தா யார் பக்கம் நிப்பே மகளே?" என்றார் இந்தியில்.

"நடுவுல நின்னு காசு வாங்கிட்டு மொழிபெயர்ப்பேன் பாய்" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நானும் சிரித்தேன்; அன்று நான் சிரித்தது அதுதான் கடைசி.

9.15. மொழிகள் துறை மூன்றாவது மாடியில். அந்த இடத்தைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். நீளமான ஒரே வராந்தா. இடதுபக்க அறைக் கதவில் ரஷ்ய எழுத்து. உள்ளே பெரிய தேசப்படம், கண்ணாடி அலமாரியில் பித்தளையில் வயிறு பெருத்த டீ கொதிக்கவைக்கும் பாத்திரம், ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மரப்பொம்மைகள் வரிசையாக. எதிர் அறையில் காகித விளக்குகள், சாயம் போன சிவப்பு. சுவரில் தூரிகையால் எழுதிய கட்டக் கட்ட எழுத்துகள். அங்கே பத்துப் பேர் ஒரே சொல்லை ஏற்றியும் இறக்கியும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் இடது அறையிலும் மத்தியானம் வலது அறையிலும் வகுப்பு என்று பியூன் சொன்னார். ரஞ்சனி இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றாள். உள்ளே நுழையவில்லை. வரிசை பெரிதாகிறது என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

10.40. எங்கள் முறை வந்தது. குமாஸ்தா நல்ல மனிதர். ஒவ்வொரு தாளாகப் பார்த்து டிக் போட்டார். பன்னிரண்டாம் வகுப்பு, டொமிசைல், பிறப்புச் சான்றிதழ். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பேனா நின்றது.

"தஸ்வி தமிழ்நாட்டுலயா?" என்று இந்தியில் கேட்டார்.

ஆமாம் என்றாள் ரஞ்சனி. ஒன்பதும் பத்தும் அங்கே, எட்டு வரைக்கும் இங்கே, பதினொன்றும் பன்னிரண்டும் மறுபடி இங்கே.

அவர் ஒரு அச்சடித்த தாளை எங்கள் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். மாநில மாணவர் என்றால் பத்தாவதும் பன்னிரண்டாவதும் இரண்டுமே இந்த மாநிலத்தில் தேறியிருக்க வேண்டும். டொமிசைல் மட்டும் போதாது. வெளிமாநிலத்தவருக்கான மூன்று சீட்டும் முந்தின நாளே நிரம்பிவிட்டது.

"அப்பாவுக்கு அரசாங்க வேலையா? டிரான்ஸ்பர்ல போனீங்களா? அதுக்கு விலக்கு உண்டு."

இல்லை.

"அப்புறம் ஏன் ரெண்டு வருஷம் மட்டும் அங்கே?"

பின்னால் வரிசையில் இருபது பேர். பாதி ஆண்கள். அவர் என்னைத்தான் பார்த்தார். நான் பையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரஞ்சனி எட்டாவது முடிக்கிற சமயம் பெரிய மனுஷி ஆனாள். எங்கள் வீடு ஒரே அறை. மேலே தட்டியடித்த மாடியில் வொர்க்‌ஷாப் ஆட்கள் ஏழு பேர். கக்கூஸ் சந்தின் முனையில், காலையில் வரிசை. சில கண்கள் அவள் பின்னால் போவதை நான் பார்த்தேன். வயதுக்கு வந்த பெண்ணை ஒன்றிரண்டு வருடம் ஊரில் விட்டு வைப்பது எங்கள் பக்கம் எல்லாரும் செய்வது. நானும் செய்தேன். என் வீட்டுக்காரர், "படிப்பு கெட்டுரும்ட்டி" என்று ஒரு தடவை சொன்னார். நான்தான் பிடிவாதமாக நின்றேன். கூடங்குளத்துக்குப் பக்கத்தில் செட்டிகுளத்தில் என் நாத்தனார் காய்கறிக்கடை வைத்திருக்கிறார். அங்கே கொண்டுபோய் விட்டேன்.

குமாஸ்தா தாள்களைத் திருப்பிக் கொடுத்து, துறைத் தலைவியைப் போய்ப் பாருங்கள் என்றார். விசேஷக் காரணம் இருந்தால் அவர் சிபாரிசு செய்யலாம், மூன்று மணிக்குக் குழு கூடுகிறது என்றார்.

11.30. மேடம் ரஷ்ய மொழி ஆசிரியை. ஐம்பது வயது மராத்திப் பெண்மணி. அவருடைய மேசையின் ஓரத்தில் இளம் சீன மொழி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தார். மேடம் இந்தியில் பேசியதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

ரஷ்யன் ஏதாவது தெரியுமா என்று ரஞ்சனியிடம் கேட்டார். தெரியும் என்றாள். அவர் ரஷ்யனில் ஏதோ கேட்டார். ரஞ்சனி பதில் சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்தி இன்னொன்று கேட்டார். ரஞ்சனி கடகடவென்று ஏதோ சொன்னதும் மேடம் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொல்லுச்சு தெரியுமா உங்க பொண்ணு? தக்காளியை அமுக்காதீங்க, வேணும்னா எடுங்க, இல்லேன்னா நகருங்கன்னு சொல்லுது! எங்கே கத்துக்கிட்டே?"

அப்போதுதான் அந்தக் கதை வந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ரஷ்யர்களின் வீட்டுப் பெண்கள் செட்டிகுளத்தில்தான் காய் வாங்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரஞ்சனி அத்தையின் கடையில் உட்காருவாள். 'ஸ்கோல்கா' என்றால் எவ்வளவு என்பதில் ஆரம்பித்தது. ஒரு ரஷ்யப் பெண்மணி தன் மகளின் பழைய எழுத்துப் புத்தகத்தைக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் அவர்களோடு பேரம் பேசவும் சண்டை போடவும் பழகிவிட்டாள். இதெல்லாம் எனக்கே பாதிதான் தெரியும். ஊரில் அழுதுகொண்டு கிடந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"என் இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளுக்கு இந்த உச்சரிப்பு கிடையாது" என்றார் மேடம். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னிடம் திரும்பினார். "ஏன் அனுப்புனீங்க?"

சீன மொழி ஆசிரியர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். பியூன் டீயோடு வாசலில் நின்றார். நான் பையைத் திறந்து, அவர் கேட்காத டொமிசைலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

மேடம் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். "சொல்ல வேண்டாம். எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, இது மொழித்துறைதான். உங்க பொண்ணே இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கட்டும். ரெண்டு தாளையும் குழு முன்னாடி வைப்பேன். ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. பொதுவா எழுதுனா தள்ளிருவாங்க. உள்ளதை எழுதினா, ஒரு பொண்ணுக்கு நேர்ந்ததுன்னு நான் நின்னு பேசுவேன்." குழுவில் எத்தனை பேர் என்று ரஞ்சனி கேட்டாள். ஐந்து பேர், தன்னைத் தவிர நான்கு பேரும் ஆண்கள் என்றார்.

12.10. வராந்தாவில் ஒரு பெஞ்சு. ஒரு வெள்ளைத்தாள். ரஞ்சனி எனக்குப் பேனாவைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அந்தத் தாளோடு நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஐயா, வணக்கம் என்று எழுதினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. நான்கு ஆண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து என் மகள் எப்போது பெரிய மனுஷி ஆனாள் என்று படிப்பார்கள். எங்கள் சந்து எப்படிப்பட்டது என்று படிப்பார்கள். நாளைக்கு இதே வராந்தாவில் அவர்கள் எதிரில் அவள் நடக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்குச் சடங்கு சுற்றியபோது சந்தின் முனையில் பத்தடி உயரத்துக்கு பிளெக்ஸ் வைத்தவர்கள் நாங்கள். பட்டுப்பாவாடையில் அவள் படம், தாய்மாமன்கள் படம், மேலே பூப்புனித நீராட்டு விழா என்று மஞ்சள் எழுத்து. தொண்ணூறு அடி ரோட்டில் போன பஸ்ஸில் இருந்தவர்கள்கூடப் படித்திருப்பார்கள். அதற்கு எனக்குக் கூச்சம் இல்லை. அதே விஷயத்தை ஒரு தாளில் எழுதக் கை வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதுவோம் இல்லையா, அதுதான் வந்தது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளை இரண்டு ஆண்டுகள் சொந்த ஊரில் படிக்க வைக்க நேர்ந்தது. தயவுசெய்து இடம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட்டேன்.

ரஞ்சனி வாங்கிப் படித்தாள். ஊரில் படித்த இரண்டு வருடத்தில் அவள் தமிழ் நன்றாகப் படிக்கப் பழகியிருந்தாள்.

"இவ்வளவுதானாம்மா?"

"அது போதும்ட்டி. பெரியவங்க புரிஞ்சுக்கிடுவாவ."

"மேடம் என்ன சொன்னாவ?"

"நீ வேணும்னா இங்கிலீஷ்ல விவரமா எழுதிக்கோயேன். எனக்கா தெரியப்போகுது?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். "நீ எழுதுனதைத்தான் நான் இங்கிலீஷ்ல மாத்த முடியும்மா. எழுதாததை எழுதுனா அது பொய். ரெண்டு தாளும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்."

இன்னொரு தாள் வாங்கி வரவா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் பெஞ்சில் குனிந்து, இரண்டு வரியை இரண்டு வரியாகவே ஆங்கிலத்தில் எழுதினாள். சுத்தமான கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை.

மேடம் இரண்டு தாளையும் வாங்கிப் படித்தார். ஆங்கிலத் தாளைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று அவரும் கேட்டார். பிறகு கோப்பில் வைத்தார். முடிவு நாளைக்குப் பதினோரு மணிக்கு இணையத்தில் வரும் என்றார். எங்களை அனுப்பும்போது ரஞ்சனியின் தோளைத் தட்டி ரஷ்யனில் ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை.

மாலை 4.05. நெருளிலிருந்து திரும்பினோம். வண்டியில் கூட்டம் இல்லை. பாலத்தின் மேல் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. செம்பூர் தாண்டியதும் ரஞ்சனி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு வெக்கமா இல்லம்மா. நீ எழுதியிருந்தா அதை நானே இங்கிலீஷ்ல எழுதியிருப்பேன். உனக்குத்தான் வெக்கம். எப்பவும் உன் வெக்கத்துக்காக நான்தான் போவேன். அப்ப ஊருக்குப் போனேன்."

அந்த இரண்டு வருடம் இல்லையென்றால் அவளுக்கு ரஷ்யன் ஆசையே வந்திருக்காது என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த ஆசையைக் கொடுத்ததும் நான் அனுப்பியதுதான், அதை வாசலில் நிறுத்தியதும் நான் அனுப்பியதுதான். பேசாமல் இருந்தேன். எனக்கு எப்போதும் வருவது அதுதானே.

குர்லாவில் வண்டி மாறி ஏறியவர்கள் சயானில் இறங்க மறந்துவிட்டோம். மாட்டுங்காவில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கடைகள், வாழையிலை, காபி வாசனை. சீட்டு கிடைத்தால் திரும்பும் வழியில் இங்கே இறங்கி ஆளுக்கு ஒரு தோசை சாப்பிட வேண்டும் என்று காலையில் நான் எண்ணியிருந்தேன். பசிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். மழையில் நடந்தே தாராவிக்கு வந்தோம். நாற்பது நிமிடம். அவள் முன்னால், நான் பின்னால்.

போகாத ஊர்களைப் பற்றிப் படிப்பது நல்லது என்று எங்கள் குழுவில் சொல்வார்கள். நான் பார்த்த ஊரின் அளவு ஒரு வராந்தாதான். அதில் இரண்டு கதவு. தாராவியில் எல்லாக் கதவும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். எதைத் திறந்தாலும் நமக்குத் தெரிந்த முகம்தான் இருக்கும். அங்கே கதவுக்கு உள்ளே யாருக்கும் நம்மைத் தெரியாது, யார் என்று நாமே எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை. அங்கே எழுத வேண்டியதை இப்போது இங்கே எழுதியிருக்கிறேன். இதை அச்சில் பார்க்கும்போது ரஞ்சனி என்ன சொல்வாளோ. கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். "குடு, இப்ப என்ன" என்றாள்.

மறுநாள் புதன்கிழமை பதினோரு மணிக்குப் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. ரஞ்சனி போனை அணைத்து வைத்துவிட்டு, துணி துவைக்கப் போனாள்.